முத்து நகரின் கதையை யார் சொல்வது? இடம்பெயர்வைக் காட்சிக்கு வைக்கும் கலை எழுப்பும் கேள்விகள்

சென்னையிலிருந்து தினமும் 'முத்துநகர் எக்ஸ்பிரஸ்' கிளம்புகிறது. காலையில் தூத்துக்குடியில் இறங்குகிறவர்களில் முத்து எடுக்கப் போகிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ரயிலில், கடைப் பலகையில், அரசு விழா மேடையில் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதற்கிடையில் ஊர் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல். 2025 ஜூலையில் விமான நிலையத்துக்குப் புதிய முனையம். அடுத்த மாதமே வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலை திறப்பு. பணம் வரும் ஊர்களில் அடுத்து வருவது என்ன என்று நமக்குத் தெரியும்: சுவர் ஓவியங்கள், செல்ஃபி பாயின்ட், 'பாரம்பரிய' மையம். அதில் முத்து கண்டிப்பாக இருக்கும். முத்து எடுத்தவர் இருப்பாரா?

இது தூத்துக்குடிக்கு மட்டுமான கேள்வி இல்லை. வெனிஸ், கொச்சி, தோஹா, யாழ்ப்பாணம் என்று பல இடங்களில் சமகாலக் கலைஞர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். சில இடங்களில் நன்றாகச் செய்தார்கள். சில இடங்களில் திட்டு வாங்கினார்கள். இரண்டிலிருந்தும் நமக்குப் பாடம் உண்டு.

முதலில், இந்தக் கண்காட்சிகள் என்ன செய்கின்றன?

கண்காட்சி என்றால் சட்டம் போட்ட ஓவியம், வெள்ளைச் சுவர், கையில் ஜூஸ் என்ற படம் நம் மனதில் இருக்கும். சமகாலக் கலை அதைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டது. பழைய கிடங்கில் கடல்நீரை நிரப்பி உங்களை நடக்கச் சொல்லலாம். அகதிகளின் வீட்டு வரைபடங்களைக் கோப்புகளாக அடுக்கி வைக்கலாம். உடைந்த படகைத் தூக்கி வந்து நிறுத்தலாம்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குப் பெரிய மேடை இருக்கிறது. 2012-ல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே பெரும்பாலும் பழைய துறைமுகக் கிடங்குகளில்தான் நடக்கிறது. மிளகும் கயிறும் ஏற்றுமதியான கட்டடங்கள் அவை. அதன் ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12-ல் தொடங்கி 2026 மார்ச் 31 வரை திட்டமிடப்பட்டது. துறைமுகக் கிடங்கில் கலையை வைக்கும்போது, 'இந்தக் கிடங்கை நிரப்பியது யார், அதில் லாபம் பார்த்தது யார்' என்ற கேள்வி தானாகவே வந்து நிற்கும்.

வரலாறு, அறம், இடம்பெயர்வு ஆகிய மூன்றும் இந்தக் கண்காட்சிகளில் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான். யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று கேட்டால், யார் போக வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டால், இன்று பார்வையாளராக நிற்கும் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற கேள்வியும் வரும்.

வெனிஸ் படகு: துக்கத்தைக் காட்சிக்கு வைக்கலாமா?

2015 ஏப்ரல் 18 அன்று லிபியாவிலிருந்து கிளம்பிய மீன்பிடிப் படகு ஒன்று மத்தியதரைக் கடலில் மூழ்கியது. இறந்தவர்கள் 700-க்கும் அதிகம். தப்பியவர்கள் 28 பேர். இத்தாலியக் கடற்படை மறு ஆண்டு அந்தப் படகை மேலே எடுத்தது.

2019 வெனிஸ் பினாலேவில் சுவிஸ் கலைஞர் கிறிஸ்டோஃப் பூஷெல் அதே படகைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தினார். 'நமது படகு' என்று பொருள்படும் 'பார்கா நோஸ்ட்ரா' என்பது படைப்பின் பெயர். படகுக்குப் பக்கத்தில் விளக்கப் பலகை இல்லை. சற்றுத் தள்ளி ஒரு காபிக் கடை. என்ன என்று தெரியாமலே பலர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு தரப்பு, 'ஐரோப்பா மறக்க நினைக்கிறதை முகத்துக்கு நேரே வைத்திருக்கிறார்' என்றது. இன்னொரு தரப்பு, 'நூற்றுக்கணக்கானோர் இறந்த இடத்தை அவர்கள் குடும்பத்தைக் கேட்காமல் அலங்காரப் பொருள் ஆக்கிவிட்டார்' என்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று தெளிவு. இறந்தவர்களின் பெயரோ ஊரோ குரலோ அங்கே இல்லை. படகு இருந்தது, பயணிகள் இல்லை.

ஒரே குழந்தை, இரண்டு படைப்புகள்

2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் போட்டோவை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த ஆண்டு சீனக் கலைஞர் ஐ வெய்வெய், கிரேக்கத் தீவான லெஸ்போஸின் கரையில் அதே நிலையில் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார். 'இந்தியா டுடே' இதழுக்காக எடுக்கப்பட்ட அந்தப் படம் டெல்லி இந்தியா ஆர்ட் ஃபேரில் வைக்கப்பட்டது. கடும் விமர்சனம் வந்தது. ஐ வெய்வெய்யின் குடும்பமே அவருடைய சின்ன வயதில் சீனாவுக்குள்ளேயே தொலைதூரப் பகுதிக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டது. அகதிகள் பற்றி உழைப்போடு படமும் எடுத்திருக்கிறார். நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு படத்தில் குழந்தையின் இடத்தில் தெரிவது கலைஞரின் உடல்தான்.

அதே 2016-ல் கொச்சியில் இன்னொரு படைப்பு. சிலி நாட்டுக் கவிஞர் ரவூல் சூரிட்டா, ஆஸ்பின்வால் மாளிகையின் பெரிய கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியையோ பேண்டையோ தூக்கிப் பிடித்து, தண்ணீரில் நடந்து போய்த்தான் எதிர்ச் சுவரில் இருந்த வரிகளைப் படிக்க முடியும். 'துயரக் கடல்' என்ற அந்தப் படைப்பு ஆலனுக்கு அல்ல, அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப்புக்கு. உலகம் தம்பியின் போட்டோவைப் பார்த்தது. அண்ணனுக்கு அப்படி ஒரு போட்டோ இல்லை.

சூரிட்டாவும் 1973-ல் சிலியின் ராணுவ ஆட்சியில் கைதாகி, கப்பலில் அடைக்கப்பட்டுச் சித்திரவதையை அனுபவித்தவர். ஆனால் கொச்சியில் அவர் தன்னைக் காட்டவில்லை, குழந்தையையும் காட்டவில்லை. பார்வையாளரின் காலை நனைத்தார். துயரத்தை வேடிக்கை பார்க்க வைப்பதற்கும், அதற்குள் சில நிமிடம் நடக்க வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே புரிந்தது.

யார் கையில் பென்சில்?

இனி நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் தா. சனாதனன், 2011-ல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படைப்பை நூல் வடிவில் கொண்டுவந்தார்.

தோம்பு என்றால்? போர்த்துகீசியர் இலங்கையில் தொடங்கி, டச்சுக்காரர்கள் தொடர்ந்த நிலப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்பதற்கான அரசுக் கணக்கு. சனாதனன் அந்த வடிவத்தை எடுத்துத் தலைகீழாக்கினார். போரில் வீட்டை இழந்தவர்களிடம் போய், 'நினைவில் இருக்கும் வீட்டை வரைந்து காட்டுங்கள்' என்றார். 80 பேரின் வீடுகள் அந்த நூலில் இருக்கின்றன. அவர்கள் கையால் போட்ட வரைபடம், அதையே கட்டடக் கலைஞரின் அளவுகோலில் மாற்றிய படம், பிறகு அவர்கள் சொன்ன நினைவிலிருந்து சனாதனன் வரைந்த ஓவியம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று அடுக்கு.

கிணறு எந்தப் பக்கம், மாமரம் எந்தப் பக்கம், சாமி அறை எது என்று எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அரசின் தோம்பில் நிலம்தான் கணக்கு. இந்தத் தோம்பில் வாழ்க்கைதான் கணக்கு. முக்கியமான விஷயம், முதல் கோட்டை இழுத்தது கலைஞர் இல்லை, வீட்டை இழந்தவர்.

லாபம் பார்த்தவரின் வீட்டிலேயே கதை சொல்லலாமா?

பாதிக்கப்பட்டவரைக் காட்டுவது ஒரு பாதி. ஆதாயம் அடைந்தவரைக் காட்டுவது மறு பாதி. அது ரொம்பக் கஷ்டம்.

கத்தார் தலைநகர் தோஹாவில் 2015-ல் திறக்கப்பட்ட 'பின் ஜெல்மூத் இல்லம்' ஒரு காலத்தில் அடிமை வியாபாரியின் வீடு. இன்று இந்தியப் பெருங்கடல் அடிமை வரலாற்றுக்கான அருங்காட்சியகம். வளைகுடா முத்துக்குளிப்பில் அடிமைகள் கடலில் இறக்கப்பட்டதை அது மறைக்கவில்லை. கத்தாரில் அடிமைமுறை ஒழிந்தது 1952-ல்தான் என்பதையும் சொல்கிறது. இன்றைய ஆள்கடத்தல், தொழிலாளர் சுரண்டல் வரைக்கும் வருகிறது. அதே நாட்டில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் நிலை பற்றி உலகம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அருங்காட்சியகம் திறந்தால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் முத்து என்ற அழகான பொருளின் பின்னால் இருந்த உடலைக் காட்ட ஒரு முத்து தேசம் முன்வந்ததைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனின் துறைமுக நகரமான பிரிஸ்டலில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் சாய்த்து, துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். மறு ஆண்டு நகர அருங்காட்சியகம் அதே சிலையைப் படுத்த நிலையில், மேலே தெளித்த பெயின்ட்டோடு காட்சிக்கு வைத்து, 'இதை என்ன செய்யலாம்?' என்று ஊர் மக்களிடமே கேட்டது. முடிவைச் சொல்லாமல் கேள்வியை வைத்ததுதான் அங்கே நடந்த நல்ல விஷயம்.

சரி, தூத்துக்குடிக்கு வருவோம்

இந்தக் கரையிடம் சொல்ல என்ன இருக்கிறது? கொஞ்சம் அடுக்கடுக்காகப் பார்க்கலாம்.

*கொற்கை:* பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, ஊர் உள்ளே நிற்கிறது. சங்க இலக்கியத்தில் அதன் பெருமை நிறைய உண்டு. ஆனால் முதலாம் நூற்றாண்டு கிரேக்கக் கடல்வழிக் கையேடான 'பெரிப்ளஸ்' ஒரு தகவலைச் சேர்க்கிறது: அங்கே முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள். நம் பாடப் புத்தகங்கள் முத்தைச் சொன்ன அளவுக்கு அந்தக் கைதிகளைச் சொன்னதில்லை.

*போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரிட்டிஷார்:* 1530-களில் பரதவர்கள் போர்த்துகீசியப் பாதுகாப்பை நாடி, பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். 1560-ல் மன்னாரைப் பிடித்த போர்த்துகீசியர், புன்னைக்காயல் பரதவர்களில் பலரை அங்கே குடியேற்றினார்கள். முத்து விளையும் பாரும் வேண்டும், அதில் இறங்கத் தெரிந்த ஆளும் பக்கத்தில் வேண்டும். இடம்பெயர்வு என்ற சொல் நமக்குப் புதிது, அனுபவம் பழையது. 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது, பிறகு பிரிட்டிஷார். கரையில் கொடி மாறியது. கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவர்களும், மேலே கயிறு பிடித்தவர்களும் மாறவில்லை. பரதவர்களோடு கீழக்கரை முஸ்லிம்களும் அந்தக் கடலில் இறங்கினார்கள்.

பிரிட்டிஷ் கால இலங்கை முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1906-ல் அந்தப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 1907-க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு அங்கே முத்துக்குளிப்பே நடத்த முடியவில்லை. கடலும் கணக்கு வைத்திருக்கும்.

*கொழும்புக் கப்பல்:* 1914-ல் பாம்பன் பாலம் வருவதற்கு முன், சென்னையிலிருந்து இலங்கைக்கு ரயில் வழி தூத்துக்குடி வரைதான். பிறகு கப்பல். இதே வழியில்தான் 1906-ல் தொடங்கிய வ.உ.சி.யின் சுதேசி கம்பெனி பிரிட்டிஷ் கம்பெனியோடு மோதியது. இதே கடலைக் கடந்துதான் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் பல்லாயிரம் பேர் போனார்கள். முதல் கதைக்குச் சிலை இருக்கிறது. இரண்டாவது கதைக்கு?

அவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பிறகு 1983-லிருந்து போர் அகதிகள். இன்றும் எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. சனாதனனின் தோம்பில் வரைந்தவர்களைப் போல, நினைவில் ஒரு வீட்டை வைத்திருப்பவர்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே வாழ்கிறார்கள்.

*தீவுகள்:* மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-ல் அறிவிக்கப்பட்டவை 21 தீவுகள். அவற்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் வான் தீவு கரைந்து சுருங்கியது. பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்குக் காரணம். மனிதர் மட்டுமா இடம்பெயர்கிறார்கள்?

இன்னும் ஆறாத காயம்

2018 மே 22-ஐச் சொல்லாமல் இந்த ஊரின் அறத்தைப் பேச முடியாது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28 அன்று ஆலை மூடப்பட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய வேதாந்தாவின் மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

ஆணையம், வழக்கு, தீர்ப்பு எல்லாம் ஆவணங்களில் இருக்கின்றன. துக்கம் குடும்பங்களிடம் இருக்கிறது. இரண்டையும் பொது இடத்தில் ஒன்றாக வைத்துப் பேசும் வேலையைக் கலை செய்ய முடியும். ஆனால் வெனிஸ் படகை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பங்களைக் கேட்காமல், சட்டை அல்லது செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது அவர்களிடமிருந்து இன்னொன்றைப் பறிப்பதாகிவிடும்.

"இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்களுக்கு

இந்தக் கேள்வி மூன்று விதமாக வரும்.

'வேலை வருகிற நேரத்தில் பழசை ஏன் கிளறணும்?' என்பது முதல் விதம். உப்பளத்திலும் மீன்பிடித் துறையிலும் உழைக்கும் குடும்பங்களுக்குப் புதிய வேலை வாய்ப்பு சாதாரண விஷயம் இல்லை. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் 'யாருக்கு லாபம், யாருக்குச் செலவு' என்பதை முத்துக்காலத்தில் யாரும் கேட்கவில்லை. புதிய தொழில்கள் வரும் நேரத்தில் கேட்டுப் பழகுவதற்கு அந்த வரலாறு உதவும்.

இரண்டாவது, 'இது பணக்காரர் பொழுதுபோக்கு, மீனவர் வந்து பார்ப்பாரா?' இது நியாயமான சந்தேகம். மாநகரக் கலைக்கூடத்தில் ஆங்கில விளக்கத்தோடு வைத்தால் வர மாட்டார்தான். ஆனால் பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரே கூடுகிறது. தங்கத் தேர் இழுக்கத் தெரிந்த ஊருக்குப் பொது இடத்தில் கூடிப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, 'அதான் நாவல் இருக்கே!' உண்மைதான். ஜோ டி குருஸின் 'கொற்கை' 2013-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. ஆனால் ஆயிரம் பக்க நாவலைத் தொடும் வாசகர் வேறு, பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறவர் வேறு. இரண்டு பேருக்கும் வழி வேண்டும்.

அப்போ எப்படிச் செய்யலாம்?

குவைத் கலைஞர் மொனீரா அல் காதிரி ஒரு வழி காட்டுகிறார். அவருடைய தாத்தா முத்துக்குளிப்புப் படகில் பாடியவர். முத்தின் மினுமினுப்பையும் பெட்ரோலின் மேல் மிதக்கும் மினுமினுப்பையும் ஒரே நிறத்தில் கண்டார் பேத்தி. எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைக்கருவி முனைகளைப் பெரிய சிற்பமாக்கி, அவற்றுக்கு முத்தின் நிறம் பூசினார். ஒரு செல்வம் போய் இன்னொரு செல்வம் வந்தது, இதுவும் ஒருநாள் போகும் என்று சொல்லாமல் சொல்லும் படைப்புகள் அவை. முத்து, உப்பு, தாமிரம், மின்கார், ராக்கெட் என்று வரிசை கட்டும் தூத்துக்குடிக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி உண்டா?

நம்மிடம் கச்சாப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. இன்றும் சங்கு குளிக்கக் கடலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் இங்கேதான் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. துறைமுகத்தின் பழைய கிடங்குகள், தாப்பாத்தியின் நினைவுகள், புன்னைக்காயலின் குடும்பக் கதைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நாளைக்கு உங்கள் ஊரில் இப்படி ஒரு கண்காட்சியோ, சுவர் ஓவியமோ, அருங்காட்சியகமோ வந்தால் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. யாருடைய கதையோ, அவரிடம் அனுமதி கேட்டார்களா?
2. முதல் கோட்டை, முதல் சொல்லை அவர் போட்டாரா, அல்லது அவருக்காக வேறொருவர் போட்டாரா?
3. பாதிக்கப்பட்டவர் மட்டும் இருக்கிறாரா, ஆதாயம் அடைந்தவரும் இருக்கிறாரா?
4. கதையின் சொந்தக்காரர் டிக்கெட் இல்லாமல், தன் மொழியில் வந்து பார்க்க முடியுமா?

நான்குக்கும் 'ஆமாம்' என்று பதில் வருவது அபூர்வம். இரண்டுக்கு வந்தாலே நல்ல தொடக்கம். ஒன்றுக்கும் வரவில்லை என்றால் அங்கே மாட்டியிருப்பது ஊரின் வரலாறு இல்லை, விளம்பரம். செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. அதோடு, அங்கே வைத்திருக்கும் பார்வையாளர் புத்தகத்தில் இந்த நான்கு கேள்விகளையும் எழுதிவிட்டு வாருங்கள்.